"நீ எந்த ஊர்?" என்று கேட்டால் பிள்ளை என்ன சொல்லும்? தாத்தா பாட்டி கதையைப் பதிவு செய்யும் வழி

என் மகன் தொடக்கநிலை 4 படிக்கும்போது ஒருநாள் பள்ளி விட்டு வந்தவன், பையைக்கூடக் கழற்றாமல் கேட்டான்: "அம்மா, நான் இந்தியாவா, சிங்கப்பூரா?" வகுப்பில் ஒரு பையன், நாலு தலைமுறையாக இங்கேயே வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, "நீ இந்தியாவிலேர்ந்து வந்தவன்தானே" என்று சொல்லிவிட்டானாம். இவன் பிறந்ததே இங்கேதான். டிசம்பர் விடுமுறைக்குப் புதுக்கோட்டைப் பக்கம் போனாலோ அங்கே இவன் "சிங்கப்பூர்ப் பையன்". அன்றைக்கு வேர், பண்பாடு, பெருமை என்று நிறையப் பேசினேன். எதுவும் அவன் மனசில் இறங்கவில்லை. இறங்கியது என்னவென்றால், ஆறு மாதம் கழித்து அவனே தன் அப்பத்தாவைக் கைப்பேசியில் பதிவு செய்ததுதான். உங்கள் வீட்டிலும் இதைச் செய்யலாம்.

முதல் விஷயம், கேள்வி கேட்பது பிள்ளையாக இருக்க வேண்டும். நீங்கள் கேட்டால் அப்பத்தா உங்களுக்கு ஏற்கனவே தெரிந்ததை விட்டுவிட்டுப் பேசுவார். பேரன் கேட்டால் ஒன்றுவிடாமல் சொல்வார். ஆனால் "உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க" என்று கேட்க விடாதீர்கள். "என்னத்தச் சொல்றது, கஷ்டப்பட்டோம், வளத்தோம்" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். சின்னச் சின்னதாகக் கேட்க வேண்டும். தண்ணி எங்கேருந்து எடுத்தீங்க? பள்ளிக்கூடத்துக்குச் செருப்புப் போட்டுப் போனீங்களா? அப்பா சிங்கப்பூர் போறேன்னு சொன்னப்ப நீங்க என்ன செஞ்சுக்கிட்டிருந்தீங்க? இந்த மாதிரி ஏழெட்டு போதும், அவனே தாளில் எழுதிக்கொள்ளட்டும்.

எங்கள் பதிவில் ஓர் இடம் வரும். அப்பத்தா, "அறுப்பு முடிஞ்சா வீட்டுக்குள்ள குதிர் நெறஞ்சிருக்கும்" என்கிறார். இவன் உடனே, "வீட்டுக்குள்ள குதிரை இருந்துச்சா?" என்று கேட்கிறான். ஒரு நொடி அமைதி. அப்புறம் அப்பத்தா சிரிப்பது கேட்கிறது, கை இரண்டையும் விரித்துக் காட்டியிருப்பார் போல, "இம்புட்டு ஒசரம்டா, மண்ணுல செஞ்சது, நெல்லு கொட்டி வைக்க" என்கிறார். குதிர் என்ற சொல்லை அவன் இனி மறக்கவே மாட்டான். ஐந்து பாடம் நடத்தினாலும் எனக்கு அது கைகூடியிருக்காது.

அதனால்தான் சொல்கிறேன், பதிவு நடக்கும்போது பிள்ளையின் தமிழைத் திருத்தாதீர்கள். நடுவில் ஆங்கிலம் வந்தால் வரட்டும், ழகரம் சறுக்கினால் சறுக்கட்டும். சிங்கப்பூரின் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 3.3 விழுக்காடு, 2020இல் அது 2.5 ஆகிவிட்டது. இந்த நிலையில் வீட்டுத் தமிழையும் மதிப்பெண்ணுக்கான தமிழாக மாற்றினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

கருவி என்று பெரிதாக எதுவும் வேண்டாம். கைப்பேசியை ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின்மேல் அப்பத்தாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், அந்த இரைச்சல் பேச்சையே தின்றுவிடும். இருபது நிமிடம் போதும். ஊரில் இருப்பவர் என்றால் வாட்ஸ்அப்பில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டு இன்னொரு கைப்பேசியில் பதிவு செய்யலாம். தொடக்கத்தில் தேதி, பேசுபவர் பெயர், இடம் மூன்றையும் பிள்ளையே சொல்லட்டும். முடிந்ததும் இரண்டு இடத்தில் சேமித்துவிடுங்கள்.

சாதிப் பேச்சு வரும். கண்டிப்பாக வரும். "அவங்க நம்ம வீட்டுக்குள்ள வரமாட்டாங்க" என்று மிகச் சாதாரணமாகச் சொல்வார்கள். அதை வெட்டி எறியாதீர்கள், அப்பத்தாவை அங்கேயே மடக்கவும் வேண்டாம். ஆனால் அன்று இரவே பிள்ளையிடம் பேசுங்கள்: அது நடந்தது, அது தப்பு, நம் வீட்டில் அது கிடையாது. நம் கதை என்று கொடுக்கும்போது நல்லதை மட்டும் பொறுக்கிக் கொடுத்தால் பின்னால் அவர்களே கண்டுபிடித்து நம்மை நம்பாமல் போவார்கள்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சவுத் பிரிட்ஜ் சாலைக்குப் போங்கள். 1819இல் இங்கே வந்த நாராயண பிள்ளை 1827இல் தொடங்கிய மாரியம்மன் கோவில் அங்கே இருக்கிறது, சில அடி தள்ளி ஜாமியா சூலியா பள்ளிவாசல். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் தெலுக் ஆயரில் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்கா. கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையத்தையும் பார்க்கலாம், இன்னொரு நாளைக்கு வைத்துக்கொண்டால் நல்லது, பிள்ளைகள் களைத்துவிடுவார்கள். தர்கா வாசலில் நின்று நான் அவனிடம் ஒன்றுதான் சொன்னேன்: உன் வகுப்புப் பையனுடைய கொள்ளுத்தாத்தாவும் கடல் தாண்டித்தான் வந்தார், உன் அப்பாவும் அப்படித்தான், வந்த வருஷம்தான் வேறே.

அதற்கு அவன் பதில் எதுவும் சொல்லவில்லை. மறுவாரம் அந்தப் பையனிடமே போய், "உங்க தாத்தாவை நான் ரெக்கார்டு பண்ணலாமா?" என்று கேட்டிருக்கிறான். அந்தத் தாத்தாவுக்கு எழுபது வயதுக்கு மேல், தன் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கதையை ஒரு மணி நேரம் சொன்னார், இரண்டு பையன்களும் மாறி மாறிக் கேள்வி கேட்டார்கள். அவர்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, வாய்டு டெக் என்கிற திறந்த கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பதிவு செய்ததில் பாதிப் பேச்சு எதிரொலியில் போய்விட்டது, அதனால் நீங்கள் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அடுத்த ஞாயிறு மறுபடி போகிறோம்.