டர்போ இன்ஜினின் கடல்நீர் இன்டர்கூலர்: புரிந்துகொள்வதும் சுத்தம் செய்வதும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மண்டபத்திலும் பாம்பனிலும் விசைப்படகுகள் கரையேறி நிற்கும். இன்ஜின் அறைக்குள் இறங்கி நிதானமாக வேலை பார்க்க இதைவிட்டால் வேறு நேரம் கிடைக்காது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகள் பலரும் பார்த்துத் தயங்குவது ஒரு பெட்டியைத்தான். காற்றை நெருக்கி அனுப்பும் டர்போவுக்கும் இன்ஜினுக்கும் நடுவே, காற்றுக் குழாயும் தண்ணீர் ஹோஸும் சேர்ந்து நுழையும், சூடான காற்றைக் கடல்நீரால் குளிரவைக்கும் அந்த இன்டர்கூலரைப் பற்றி இங்கே சொல்கிறேன்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் சைக்கிள் பம்பை எடுங்கள். அதன் வாயை விரலால் அடைத்துக்கொண்டு பத்து முறை வேகமாக அடித்துவிட்டு அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றை நெருக்கினால் அது சூடாகும். டர்போ செய்வதும் இதையேதான். 30 டிகிரி காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்கு நெருக்கினால், அது 110 முதல் 125 டிகிரி வரை சூடாகி வெளியே வரும். சூடான காற்று விரிந்து கிடக்கும், அதில் பிராணவாயு குறைவு. அதே அழுத்தத்தில் அதை 45 டிகிரிக்குக் குளிரவைத்தால், அதே சிலிண்டருக்குள் ஏறத்தாழ கால் பங்கு கூடுதல் காற்று அடங்கும். டீசல் முழுதாக எரியும், கரும்புகை குறையும், வலை இழுக்கும்போது இன்ஜின் திணறாது.

சில கார்களில் டர்போவின் வேலையைச் சூப்பர்சார்ஜர் செய்யும். அது இன்ஜினின் கிராங்குத் தண்டிலிருந்து பெல்ட் வழியாகச் சுழல்வது. டர்போ, இன்ஜின் வெளியேற்றும் புகையின் வேகத்தில் சுழல்வது. காற்றை நெருக்குவதும் சூடாக்குவதும் இரண்டுக்கும் பொது. எனவே இங்கே சொல்லும் தத்துவம் இரண்டுக்கும் பொருந்தும்.

ஏன் தண்ணீர்? ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி சூடேற வாங்கிக்கொள்ளும் வெப்பத்தைக் கொண்டு, சுமார் 3,500 லிட்டர் காற்றை ஒரு டிகிரி சூடேற்றலாம். அதனால்தான் கைக்கு அடக்கமான பெட்டி ஒன்று அத்தனை வெப்பத்தையும் வாங்கிவிடுகிறது. சூப்பர்சார்ஜர் பொருத்திய கார்களில் இந்தத் தண்ணீரைக் கூடவே சுமக்க வேண்டும். ஒரு சிறு மின்பம்பு கூலன்டை, அதாவது அந்தக் குளிர்விக்கும் தண்ணீரை, இன்டர்கூலருக்குள் அனுப்பும். சூடேறிய கூலன்ட் காரின் முன்பக்கத்துச் சிறு ரேடியேட்டரில் ஆறித் திரும்பும். தொடர்ந்து விரட்டி ஓட்டினால் அந்தக் கொஞ்சத் தண்ணீரும் சூடாகி, இன்ஜினின் பலம் இறங்கிவிடும். நமக்கு அந்தக் கவலை இல்லை. வடகடலானாலும் தென்கடலானாலும் புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். ஆனால் அந்தத் தண்ணீரோடு உப்பும் சேறும் கடற்புல்லும் வருகின்றன.

படி 1: இரண்டு வழிகளையும் விரலால் தொடர்ந்து போங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது செய்யுங்கள். காற்றின் வழி: ஃபில்டர், டர்போ, இன்டர்கூலர், இன்ஜின். தண்ணீரின் வழி: படகின் அடியில் உள்ள வால்வு, வடிகட்டி, ரப்பர் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழல் இறக்கை) பம்பு, இன்டர்கூலர், பிறகு மற்ற குளிர்விப்பான்கள், கடல். பெரும்பாலும் இன்டர்கூலருக்குத்தான் முதல் தண்ணீர். இருப்பதிலேயே குளிர்ந்த தண்ணீர் காற்றுக்குக் கிடைக்க வேண்டும் என்பதே காரணம்.

படி 2: சூட்டை அளந்து எழுதுங்கள். கழற்றுவதற்கு முன்பே, தடை தொடங்குவதற்கு முந்தைய கடைசி ஓட்டத்தில் இதைச் செய்துவிட வேண்டும். துப்பாக்கி வடிவ வெப்பமானி போதும். இன்ஜின் சுமையோடு ஓடும்போது காற்று நுழையும் குழாய், காற்று வெளியேறும் குழாய், தண்ணீர் நுழையும் ஹோஸ், தண்ணீர் வெளியேறும் ஹோஸ் என நான்கு இடம். வெளியேறும் காற்று வழக்கத்தைவிடச் சூடாக இருந்தால் தண்ணீரைப் பாருங்கள். தண்ணீர் உள்ளே போகும் சூட்டுக்கும் வெளியே வரும் சூட்டுக்கும் வித்தியாசம் கூடியிருந்தால், தண்ணீர் போதுமான அளவு ஓடவில்லை. வடிகட்டியையும் இம்பெல்லரையும் பாருங்கள். வித்தியாசம் குறைந்திருந்தால், தண்ணீர் ஓடுகிறது, வெப்பத்தைத்தான் வாங்க முடியவில்லை. குழாய்களில் படிவு அல்லது காற்றுப் பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. இந்த ஒரு கணக்கு தெரியாமல் இன்ஜெக்டரையும் டீசல் பம்பையும் மாற்றிப் பணத்தைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படி 3: கழற்றுங்கள். கடல்நீர் வால்வை மூடி, பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, ஹோஸ் கிளாம்புகளைத் தளர்த்துங்கள். திறந்த காற்றுக் குழாய்களைச் சுத்தமான துணியால் உடனே கட்டுங்கள்; உள்ளே விழும் ஒரு நட்டு இன்ஜினையே உடைக்கும். மூடியைத் திறந்ததும் குழாய்களின் வாய்கள் தேன்கூடு போல வரிசையாகத் தெரியும். போன கோடையில் நான் திறந்த ஒன்றில், பாதி வாய்களைச் சாம்பல் நிறக் காரை அடைத்திருந்தது. ஒரு மூலையில் கொட்டலசு (படகடியில் ஒட்டி வளரும் ஓட்டு உயிரி) ஒட்டியிருந்தது. விரல் பருமன் இருக்க வேண்டிய துத்தநாகக் கட்டி புளியங்கொட்டை அளவுக்குத் தேய்ந்திருந்தது. குழாயின் உலோகத்தை அரிக்க வேண்டிய கடல், அதற்குப் பதிலாகத் துத்தநாகத்தை அரிக்கிறது. பாதி தேய்ந்ததுமே மாற்றிவிடுங்கள், அதன்மேல் வர்ணம் பூசாதீர்கள்.

படி 4: சுத்தம். தண்ணீர்ப் பக்கக் குழாய்களுக்கு நைலான் பிரஷ். இரும்புக் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். மீதிப் படிவுக்குத் தண்ணீரில் கரைத்த சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் பலமுறை அலசுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டைச் சிலர் ஊற்றுகிறார்கள். அது அலுமினியத் தகடுகளைத் தின்றுவிடும், அவசரத்துக்குக்கூட வேண்டாம். காற்றுப் பக்கத் தகடுகளில் எண்ணெய் நீக்கும் திரவத்தை ஊற்றிக் கழுவி, முழுதாக உலரவிடுங்கள்.

படி 5: ஓட்டை பாருங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. தண்ணீர்ப் பக்க வாய்களை அடைத்து, கையேடு சொல்லும் அழுத்தத்துக்கு மேல் போகாமல் காற்றேற்றி, தொட்டித் தண்ணீரில் அமிழ்த்துங்கள். ஒரு குமிழி வந்தாலும் அந்தக் கூலர் இன்ஜினுக்குத் திரும்பக் கூடாது. ஊசி முனை ஓட்டை போதும், இரவெல்லாம் கசிந்த கடல்நீர் சிலிண்டருக்குள் தேங்கிவிடும். காற்றை நெருக்கலாம், தண்ணீரை நெருக்க முடியாது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரே ஒரு 'டக்' சத்தத்தோடு நின்ற இன்ஜினைப் பிரித்திருக்கிறேன். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வில்லாக வளைந்திருந்தது. அன்றிலிருந்து, படகை நிறுத்தினால் கடல்நீர் வால்வை மூடாமல் நான் கரையேறுவதில்லை.

படி 6: மாட்டி ஓட்டுங்கள். புது கேஸ்கட் போடுங்கள். மூடியின் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். காற்றுப் பக்கத்தின் அடியில் வடிகால் துளை இருந்தால் அது திறந்திருக்கிறதா என்று பாருங்கள். நம் கரையின் ஈரக் காற்று நெருங்கிக் குளிரும்போது வியர்க்கும். அதில் சில சொட்டு வடிவது இயல்பு. அந்தச் சொட்டை ஸ்பேனரில் பிடித்து வெயிலில் வையுங்கள். காய்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் படிந்தால் அது கடல்நீர், உடனே மறுபடி கழற்ற வேண்டும். படியாவிட்டால், தடை முடிந்து போகும் முதல் ஓட்டத்தில் அந்த நான்கு இடங்களின் சூட்டையும் மறுபடி அளந்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். அடுத்த ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய அளவு அதுதான்.