தகட்டுக் கவசம் அணிந்த வீரனால் எவ்வளவு அசைய முடிந்தது? கணிக்கும் முறை

ஐரோப்பிய இடைக்காலத்தைக் களமாக வைத்துக் கதை எழுதுபவர்களுக்கும், அருங்காட்சியகத்தில் ஒரு முழுக் கவசத்தின் முன் நிற்பவர்களுக்கும் எழும் கேள்வி ஒன்றுதான்: இதை அணிந்தவன் ஓடினானா, விழுந்தால் தானே எழுந்தானா? பெரும்பாலோர் கவசத்தின் எடையை மட்டும் கேட்டுவிட்டு விடை சொல்லிவிடுகிறார்கள். எடையை அறிய வேண்டியதுதான், ஆனால் வேறு சிலவற்றைப் பார்த்த பிறகு கேட்டால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

முதலில், கவசம் எதற்காகச் செய்யப்பட்டது என்று பாருங்கள். 15ஆம் நூற்றாண்டில் போருக்கென்று செய்த முழுத் தகட்டுக் கவசம் பெரும்பாலும் 20 முதல் 25 கிலோ வரை இருந்தது. குதிரைமேல் ஈட்டியால் மோதும் போட்டிக்கான கவசமோ 40 கிலோவையும் தொடும். போட்டியாளன் சேணத்தில் அமர்ந்து நேராகப் பாய்ந்து எதிராளியின் ஈட்டியைத் தாங்கினால் போதும் என்பதால், அவனது தலைக்கவசம் மார்புத் தகட்டோடு அசையாமல் பிணைக்கப்பட்டிருந்தது. கழுத்தைத் திருப்ப இடமில்லை. அத்தகைய பிணைப்பும், குனிந்தால் மட்டும் முன்னே தெரியும் ஒற்றைப் பார்வைப் பிளவும், வலப்பக்கத்தைவிடத் தடித்த இடப்பக்கமும் போட்டிக் கவசத்தின் அடையாளங்கள். வலது மார்பில் துருத்தி நிற்கும் ஈட்டித் தாங்கியை மட்டும் வைத்து முடிவு செய்துவிட வேண்டாம், அது போர்க் கவசங்களிலும் உண்டு. வீரர்களைப் பாரந்தூக்கியால் குதிரைமேல் ஏற்றினார்கள் என்பது இடைக்காலச் சான்று எதுவுமற்ற கட்டுக்கதை. 1944ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றின் காட்சியால் அது இன்னும் வலுப்பெற்றது.

அடுத்து மூட்டுகளைக் கவனியுங்கள். திறமையான கொல்லனின் வேலை அங்கேதான் தெரியும். முழங்காலிலும் முழங்கையிலும் குறுகிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி அமர்ந்து, இரு பக்கங்களிலும் உள்ள ரிவெட் என்னும் இணைப்பாணியைச் சுற்றித் திரும்புகின்றன. தோள் போன்ற இடங்களில் தகடுகளை உட்புறத்தில் தோல்வார்கள் இணைக்கின்றன. சில ரிவெட்டுகளுக்கு வட்டத் துளைக்குப் பதிலாக நீண்ட பிளவு வெட்டப்பட்டிருப்பதால், கை உயரும்போது தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று சறுக்கிச் செல்லும். மார்புத் தகடு இடுப்பின் குறுகிய பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே தொங்கும் அடுக்குத் தகடுகள் வீரன் குனியும்போது மடங்கிக்கொள்கின்றன. அக்குள், முழங்கையின் உட்புறம், தொடை இடுக்கு ஆகிய இடங்களைத் தகட்டால் முழுதும் மூட முடியாது என்பதால் அங்கே இரும்பு வளையப் பின்னல் வந்தது. எதிரியின் குத்துவாள் தேடியதும் அதே இடங்களைத்தான்.

பிறகு, பாரம் உடலில் எங்கே இறங்குகிறது என்று கேளுங்கள். வளையச் சட்டையின் பாரம் பெரும்பாலும் தோள்களில் விழும். இடைவாரை இறுக்கிக் கட்டினால் ஒரு பகுதி இடுப்புக்கு மாறும். தகட்டுக் கவசமோ துண்டு துண்டாக அந்தந்த உறுப்பின்மேல் அமர்கிறது. நின்று போரிடுபவனுக்குக் கவசம் பூட்டும் முறையை விளக்கும் 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் குறிப்பு ஒன்று, கவசத்தைக் கட்டும் கயிறுகள் குறுக்குவில் நாணுக்குப் பயன்படும் மெல்லிய நூலால் ஆகி மெழுகிடப்பட வேண்டும் என்றும், சட்டை அணியாமல் துளைகளிட்ட உள்ளங்கியை மட்டும் அணிய வேண்டும் என்றும், உராய்வைத் தடுக்க முழங்காலைச் சுற்றி மெல்லிய கம்பளித் துணி வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அணிந்து பழகியவர்களின் கவலை எடையைவிட வியர்வையிலும் உராய்விலும் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

உண்மையான தடை மூச்சுதான். லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், 30 முதல் 50 கிலோ எடையுள்ள மாதிரிக் கவசங்களை அணிந்தவர்களை டிரெட்மில்லில் நடக்கவும் ஓடவும் வைத்தபோது, நடப்பதற்கு இரு மடங்குக்கும் மேலாகவும் ஓடுவதற்கு ஏறத்தாழ இரு மடங்காகவும் ஆற்றல் செலவானது. கால்களில் பூட்டிய இரும்பை ஒவ்வோர் அடியிலும் வீசி எடுக்க வேண்டியிருப்பதால், அதே பாரத்தை முதுகில் சுமப்பதைவிட இது கடினம். ஆழ்ந்து மூச்சிழுக்கவும் இயலாமல் அவர்கள் வேகமாகவும் மேலோட்டமாகவும் மூச்சு வாங்கினார்கள். இந்த மாதிரிகள் சராசரிப் போர்க் கவசத்தைவிடக் கனமானவை என்பதால், இந்த அளவுகளை மேல் வரம்பாகக் கொள்வதே முறை.

கடைசியாக, தரையையும் தூரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுத் தளபதி பூசிகோவின் வாழ்க்கை வரலாறு, அவர் இளமையில் தலைக்கவசம் நீங்கலாக முழுக் கவசத்தோடு குட்டிக்கரணம் அடித்ததாகவும், சுவரில் சாய்த்த ஏணியின் அடிப்பக்கத்தில் கைகளால் மட்டுமே தொற்றி ஏறியதாகவும் புகழ்கிறது. புகழுரை என்று சற்றுக் கழித்துக்கொண்டாலும், கவசத்தில் இத்தகைய பயிற்சிகள் நடக்கக்கூடியவை என்பதை இன்றைய மாதிரிக் கவசங்களை அணிந்து பார்த்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். அதே பூசிகோ 1415இல், பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடம் தோற்ற அஜின்கோர்ட் போரில் சிறைபிடிக்கப்பட்டார். அங்கே பிரெஞ்சு வீரர்கள் மழையில் ஊறிய உழுத நிலத்தில், அம்புகளுக்கு அஞ்சித் தலைதாழ்த்தி நெடுந்தூரம் நடந்து, களைத்த பிறகே எதிரியை எட்டினார்கள். பின்னால் வந்தவர்களின் நெரிசல் வேறு. எனவே உங்கள் கதையில் வீரன் உலர்ந்த தரையில் பாய்ந்து சண்டையிடலாம். சேற்று வயலைக் கடந்து வந்தவுடன் அப்படிச் செய்தால் நம்ப முடியாது.

மாதிரிக் கவசத்தை அணிந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், கைகளைத் தலைக்கு மேல் உயர்த்துங்கள், குந்தி எழுங்கள், மல்லாந்து படுத்து எழுங்கள். பிறகு முகத்தகட்டைத் திறந்து ஒருமுறையும் மூடி ஒருமுறையும் சிறிது தூரம் ஓடி மூச்சை ஒப்பிடுங்கள். கவசம் உங்கள் உடலுக்கு அளவெடுத்துச் செய்யப்படாதது என்றால் அந்த முடிவைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முழங்கால் தகடு உங்கள் மூட்டுக்கு நேராக அமராமல் சற்றே கீழிறங்கியிருந்தாலும் கால் சரியாக மடங்காது.