நிரலைத் திறந்து வைப்பதும் காப்பதும்: உரிமம் தேர்வது முதல் மீறலைக் கேட்பது வரை

எழுதிய நிரல் எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும். அதை ஒருவர் எடுத்துத் தன் மூடிய பொருளுக்குள் வைத்துப் பூட்டிக்கொள்ளவும் கூடாது. காப்பிலெஃப்ட் என்ற ஏற்பாடு இதற்காகவே பிறந்தது: எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம், பெற்ற உரிமையை அப்படியே அடுத்தவருக்கும் கொடுக்க வேண்டும். அந்தக் கடமை எதுவரை பாய வேண்டும் என்று யோசிக்காமல், கண்ணில் பட்ட உரிமத்தை ஒட்டிவிடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

ஆகவே முதல் வேலை, எந்த இழப்புக்குப் பயப்படுகிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதிப் பார்ப்பது. 'திருத்திவிட்டு பைனரியை (கணினி ஓட்டும் வடிவத்தை) மட்டும் விற்பார்கள்' என்றால் ஜிபிஎல் என்ற காப்பிலெஃப்ட் உரிமம் போதும். 'விற்கவே மாட்டார்கள், தங்கள் சர்வரில் ஓட்டிச் சேவையாகக் கொடுப்பார்கள்' என்றால், சேவைக்கும் நீளும் அதன் வடிவமான ஏஜிபிஎல். 'மூடிய செயலிகளும் என் லைப்ரரியைப் பயன்படுத்தட்டும், லைப்ரரியில் செய்த திருத்தம் மட்டும் வெளியே வரட்டும்' என்றால் எல்ஜிபிஎல் அல்லது எம்பிஎல். பரவுவதுதான் முக்கியம் என்றால் அப்பாச்சி 2.0. எம்ஐடி உரிமத்தில் வெளிப்படையாகச் சொல்லப்படாத காப்புரிமை (பேட்டன்ட்) அனுமதி இதில் எழுத்திலேயே இருக்கிறது. பரவலே பாதுகாப்பாகும் இடங்களும் உண்டு. காப்புரிமைத் தளையில்லாத ஒலி வடிவமான ஆக் வோர்பிஸின் லைப்ரரி 2001இல், மூடிய பொருளிலும் சேர்க்க விடும் பிஎஸ்டி வகை உரிமத்துக்கு மாறியபோது, ஜிபிஎல்லை எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மனே அதை ஆதரித்தார்.

எல்லை எங்கே முடிகிறது

ஜிபிஎல்லின் கடமை பிறருக்குப் பிரதி கொடுக்கும்போதுதான் பிறக்கிறது. ஒரு நிறுவனம் திருத்திவிட்டுத் தனக்குள்ளேயே ஓட்டினால் எதையும் வெளியிட வேண்டியதில்லை. இதைக் குறையாக எண்ண வேண்டாம்; தனக்காக மாற்றிக்கொள்வதும் ஒரு சுதந்திரம்தான்.

ஜிபிஎல்லின் 2ஆம் பதிப்பு 1991இல் வந்தது, 3ஆம் பதிப்பு 2007இல். இடையில் டிவோ என்ற நிகழ்ச்சிப்பதிவுக் கருவி, மூல நிரலைக் கொடுத்துவிட்டு, திருத்திய நிரல் அதே கருவியில் ஓடாதபடி கையொப்பச் சோதனை வைத்தது. அதனால் 3ஆம் பதிப்பு, நுகர்வோர் கருவிகளில் நிறுவுவதற்கான தகவலையும் சேர்த்துக் கேட்கிறது. உங்கள் நிரல் ரூட்டர், டிவி போன்ற பெட்டிகளுக்குள் போகும் வாய்ப்பிருந்தால் 3ஐ எடுங்கள். 'அல்லது பிந்தைய பதிப்பு' என்ற சொற்களையும் சேர்ப்பது நல்லது. லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) '2 மட்டும்' என்று நிற்பதால் அப்பாச்சி 2.0 நிரலை அதற்குள் கலக்க வழியில்லை. ஜிபிஎல் 3க்கு அந்தத் தடை கிடையாது. நீங்கள் சார்ந்திருக்கும் லைப்ரரிகளின் உரிமப் பட்டியலை முதலில் எடுத்துவிட்டு, பிறகு முடிவு செய்யுங்கள். தலைகீழாகச் செய்தால் நல்ல லைப்ரரி ஒன்றைப் பாதி வழியில் கழற்ற நேரும்.

ஏஜிபிஎல் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது: சேவை நடத்துபவர் எல்லாவற்றையும் திறக்க வேண்டும் என்று. அப்படியில்லை. அதன் 13ஆம் பிரிவு, நிரலைத் திருத்தியவரிடம்தான் கேட்கிறது, அந்த நிரலின் மூலத்தைத்தான் கேட்கிறது. திருத்தாமல் ஓட்டினால் இந்தப் பிரிவு தொடாது. சுற்றியுள்ள கண்காணிப்பு, பேக்கப், பில்லிங் கருவிகளையும் தொடாது. மோங்கோடிபி என்ற தரவுத்தளம் 2018இல் ஏஜிபிஎல்லை விட்டு, சுற்றியுள்ள கருவிகளையும் திறக்கக் கேட்கும் எஸ்எஸ்பிஎல்லுக்குப் போனது இந்த இடைவெளியை அடைக்கத்தான். ஆனால் உரிமங்களை அங்கீகரிக்கும் ஓஎஸ்ஐ அமைப்பு அதைத் திறமூல உரிமமாக ஏற்கவில்லை. வேலியை அந்த அளவுக்கு உயர்த்தினால் உள்ளே இருப்பது கட்டற்ற மென்பொருள் என்ற பெயரை இழந்துவிடும்.

நீங்களே ஏஜிபிஎல் சேவை நடத்தினால், பக்கத்தின் அடியில் 'மூல நிரல்' என்று ஓர் இணைப்பு வையுங்கள். அது ரெப்போவின் (நிரல் சேமிப்பகத்தின்) முகப்புக்குப் போகக் கூடாது. இப்போது சர்வரில் ஓடும் அதே கமிட்டுக்கு, அதாவது நிரலின் பதிவான அதே நிலைக்கு, போக வேண்டும். பில்ட் ஆகும்போதே கமிட் எண்ணை நிரலில் பதித்து, இணைப்பைத் தானாக உருவாக்குவதுதான் நம்பகமான வழி. கையால் மாற்றும் இணைப்பு சீக்கிரமே பழையதாகிவிடும்.

லைப்ரரிக்கு எல்ஜிபிஎல்லா எம்பிஎல்லா என்பதை மொழி தீர்மானிக்கட்டும். எல்ஜிபிஎல், பயனர் திருத்திய லைப்ரரியைச் செயலியோடு மீண்டும் இணைக்க முடிய வேண்டும் என்கிறது. சி மொழியில், பகிர்ந்த லைப்ரரியாகக் கொடுத்தால் இது எளிது. கோ, ரஸ்ட் போல எல்லாவற்றையும் ஒரே பைனரியாகக் கட்டும் மொழிகளில் இது பெரிய தலைவலி. அங்கே கோப்பு அளவில் நிற்கும் எம்பிஎல் 2.0 சரியாகப் பொருந்தும். அதிலும் ஒன்றைக் கவனியுங்கள்: பின்னிணைப்பு பி-யில் உள்ள வாசகத்தைச் சேர்த்தால் ஜிபிஎல் குடும்பத்தோடு கலக்கும் வழி அடைபடும்.

'வணிகப் பயன்பாடு கூடாது' என்ற வரியை மட்டும் சேர்க்காதீர்கள். எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம் என்ற முதல் சுதந்திரமே அதில் போய்விடும். டெபியன் என்ற லினக்ஸ் வெளியீடு தன் முதன்மைத் தொகுப்பில் சேர்க்காது, ஜிபிஎல் நிரலோடும் கலக்க முடியாது. நீங்கள் தடுக்க நினைப்பது பூட்டுவதை; விற்பதைத் தடுத்தால் அது நின்றுவிடாது.

உரிமத்தைப் பதிப்பது

ரெப்போவின் வேரில் உரிமத்தின் முழு வாசகத்தையும் ஓர் எழுத்தும் மாற்றாமல் வையுங்கள். எல்ஜிபிஎல் 3 என்றால் இரண்டு கோப்பு வேண்டும், ஏனென்றால் அது ஜிபிஎல் 3இன் மேல் தரும் கூடுதல் அனுமதியாகவே எழுதப்பட்டது; தனியாக வைத்தால் பாதி உரிமம்தான் இருக்கும். அடுத்து, ஒவ்வொரு மூலக் கோப்பின் தலையிலும் இரண்டு வரி: ஆண்டும் பெயரும் கொண்ட பதிப்புரிமை வரி, உரிமத்தைச் சுருக்கமாகக் குறிக்கும் எஸ்பிடிஎக்ஸ் அடையாள வரி. ஜிபிஎல் என்று மட்டும் எழுதினால் எந்தப் பதிப்பு என்றே தெரியாது, 'ஜிபிஎல்-3.0-ஒன்லி' அல்லது 'ஜிபிஎல்-3.0-ஆர்-லேட்டர்' என்று முழுதாக இருக்க வேண்டும். ஒரே ஒரு கோப்பைப் பிரித்தெடுத்து வேறு இடத்தில் ஒட்டும்போது, உரிமத்தைச் சுமந்து போவது இந்த இரண்டு வரிதான். இந்தத் தலைப்புகளைச் சரிபார்க்கும் ரியூஸ் கருவியின் லின்ட் சோதனையை, மாற்றங்களைத் தானாகச் சோதிக்கும் சிஐ-யில் சேர்த்துவிட்டால், தலைப்பு விடுபட்ட கோப்பு உள்ளே வராது.

பதிப்புரிமை யார் கையில்

காவலின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. பங்களிப்பாளர் எல்லோரும் தங்கள் பதிப்புரிமையைத் தாங்களே வைத்திருந்தால், அவர்கள் சம்மதமின்றி யாராலும் அந்த நிரலை மூட முடியாது. இதற்கு டிசிஓ என்ற பங்களிப்பாளர் சான்று போதும்: 'இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு' என்று ஒவ்வொரு கமிட்டிலும் சைன்-ஆஃப் வரி. கிட் என்ற நிரல் பதிவுக் கருவியில் கமிட் செய்யும்போது சிறிய எஸ் விருப்பத்தைச் சேர்த்தால் அந்த வரி தானாக வரும். லினக்ஸ் கெர்னல் 2004 முதல் இப்படித்தான் நடக்கிறது.

பங்களிப்பாளரிடம் கையெழுத்து வாங்கும் ஒப்பந்தமான சிஎல்ஏ வேறு கதை. பெரும்பாலானவற்றில், உரிமத்தைப் பிற்பாடு மாற்றும் அதிகாரம் ஒரே நிறுவனத்துக்குப் போகிறது. ஹாஷிகார்ப் நிறுவனம் 2023 ஆகஸ்டில் டெராஃபார்ம் என்ற தன் கருவியை எம்பிஎல்லிலிருந்து, கட்டற்றதல்லாத பிஎஸ்எல் உரிமத்துக்கு மாற்றியது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். பழைய எம்பிஎல் பதிப்பு திறந்தே இருந்ததால் அதிலிருந்து ஓப்பன்டோஃபு கிளைத்தது. சிஎல்ஏ தவிர்க்க முடியாதது என்றால், 'எதிர்காலத்திலும் கட்டற்ற உரிமத்தில் மட்டுமே வெளியிடுவோம்' என்ற உறுதிமொழியை அதிலேயே எழுத வையுங்கள். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையான எஃப்எஸ்எஃப் பெறும் உரிமை மாற்றப் பத்திரத்தில் அப்படி ஓர் உறுதி உண்டு. சம்பளத்துக்கு நிரல் எழுதுபவர் பங்களித்தால், ஒப்பந்தப்படி அது அவருடைய முதலாளிக்குச் சொந்தமாக இருக்கலாம். அந்த அனுமதியை எழுத்தில் வாங்காமல் சேர்க்காதீர்கள்.

மீறலைக் கண்டால்

2003இல் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டரில் லினக்ஸ் இருப்பது தெரிந்து, கேள்வி எழுந்து, மூல நிரல் வெளியானது. ரூட்டர்களுக்கான கட்டற்ற இயங்குதளமான ஓப்பன்டபிள்யூஆர்டி வளர்ந்தது அந்த நிரலிலிருந்துதான். பொறுமையாகக் கேட்டால் கிடைப்பது ஒரு புதிய சமூகமாகவே இருக்கலாம்.

முதலில் ஆதாரம் சேருங்கள். ஃபர்ம்வேரில் (கருவிக்குள் இருக்கும் மென்பொருளில்), பைனரிக்குள் உள்ள எழுத்துகளைக் காட்டும் ஸ்ட்ரிங்ஸ் கட்டளையை ஓட்டி, உங்கள் பிழைச் செய்திகளும் பதிப்பு எண்ணும் தெரிகிறதா என்று பாருங்கள். கோப்பின் ஹாஷ் (அதன் அடையாளக் குறியீடு), இறக்கிய தேதி, வாங்கிய ரசீது மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். பிறகு பொதுவெளியில் கத்தாமல், பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டுத் தனிக் கடிதம் எழுதுங்கள். ஜிபிஎல் 3இல், முதல்முறை மீறியவர் அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமை நிரந்தரமாகத் திரும்பும். இதைக் கடிதத்திலேயே சொன்னால் எதிர்த் தரப்புக்கும் இறங்கி வர வழி கிடைக்கும். ஜிபிஎல் 2இல் அந்த அவகாசம் இல்லை. 2017இல் கெர்னல் உருவாக்குநர்கள் பலர் அதைத் தாங்களாகவே அறிவித்துக் கொடுத்தார்கள்; நீங்களும் அப்படி அறிவிக்கலாம்.

பதிலாக ஒரு பொதி வரும். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். திருத்தங்கள் இல்லாத அசல் நிரலை மட்டும் அனுப்புவதும், பில்ட் ஸ்கிரிப்டுகளை விட்டுவிடுவதும் சாதாரணமாக நடக்கும். தொகுக்கவும் நிறுவவும் பயன்படும் ஸ்கிரிப்டுகளும் உரிமத்தின்படி மூல நிரலில் அடக்கம். சுத்தமான கணினி ஒன்றில் அவர்கள் குறிப்பின்படியே பில்ட் செய்யுங்கள். எந்தக் கட்டளையில், எந்தக் கோப்பு இல்லாமல் நிற்கிறது என்று குறித்து, அந்தப் பட்டியலோடு அடுத்த கடிதத்தை அனுப்புங்கள்.