போர்தோ ரெட் ஒயினை ரசிச்சு குடிக்கிறது எப்படி? ஒரு பாட்டிலுக்கு மூணு மணி நேரம் ஒதுக்குங்க

பிரான்ஸ்ல போர்தோங்கற ஊர்ப் பக்கத்துல இருந்து வர்ற நல்ல ரெட் ஒயின் பாட்டில் ஒண்ணு கைக்கு வந்தா நிறைய பேர் கார்க்கை எடுத்த கையோட கிளாஸ்ல ஊத்தி ஒரு மடக்கு குடிச்சிட்டு "என்ன இது, வாயெல்லாம் இழுக்குது"ன்னு ஓரமா தள்ளி வச்சிடறாங்க. எனக்கு அதைப் பார்த்தா நிஜமாவே மனசு தாங்காது. ஒரு வருஷத்து வெயிலும் மழையும் அதுக்குள்ள இருக்கு, அதுக்கு மேல ஒண்ணரை வருஷம் போல ஓக் பீப்பாயில கிடந்து வந்திருக்கு, அதை ரெண்டு நிமிஷத்துல தீர்ப்பு சொல்லி முடிச்சிடறோம்.

அந்த வாயை இழுக்கிற விஷயத்துக்கு டானின்னு பேரு, திராட்சைத் தோல்லயும் விதையிலயும் இருந்து வருது, கொஞ்சம் ஓக்ல இருந்தும் வரும். நமக்கு இதைப் புரிஞ்சுக்கறது ரொம்ப ஈஸி, ஏன்னா துவர்ப்புன்னு அறுசுவையில ஒரு இடமே கொடுத்து வச்சிருக்கோம். நாவப்பழம் தின்ன நாக்கு, வாழைப்பூ நறுக்கும்போது ஒரு இதழை வாயில போட்ட நாக்கு, பாக்கு மென்ன நாக்கு, இதெல்லாம் நமக்குத் தெரியும். அதனால துவர்ப்பைக் கண்டு பயப்பட வேண்டாம், போர்தோவோட முதுகெலும்பே அதுதான்.

அடுத்தது, இது கலவை ஒயின். பர்கண்டிங்கற இன்னொரு பிரெஞ்சுப் பகுதியோட ரெட்னா பினோ நுவார்ங்கற ஒரே திராட்சையோட பேச்சுதான். போர்தோல பெரும்பாலும் ரெண்டு மூணு திராட்சை, சில சமயம் நாலஞ்சு கூட, தனித்தனியா பறிச்சு தனித்தனியா நொதிக்க வச்சு அப்புறமா சேர்ப்பாங்க. அந்தச் சேர்க்கைக்கு அசம்ப்ளாஜ்னு பேரு. போர்தோவை ரசிக்கிறதுன்னா என்னைப் பொறுத்தவரை இந்தச் சேர்க்கையை ரசிக்கிறதுதான், யார் எந்த வேலை செய்யறாங்கன்னு நாக்கால கண்டுபிடிக்கிறது.

இதுக்கு ஊரை கொஞ்சம் தெரிஞ்சுக்கணும். கரோன், தோர்தோன்னு ரெண்டு ஆறு சேர்ந்து ஜிரோந்த்னு ஒரு பெரிய கழிமுகமாகி அட்லாண்டிக்ல போய் விழுது. தண்ணி போற திசையைப் பார்த்து நின்னா இடது கைப்பக்கம் மெதோக், கிராவ். அங்க நிலமெல்லாம் கூழாங்கல். மெதோக் ஒரு காலத்துல சதுப்பு நிலம், 17ஆம் நூற்றாண்டுல டச்சுக்காரங்க வாய்க்கால் வெட்டி தண்ணியை வடிச்ச பிறகுதான் அங்க பெரிய அளவுல திராட்சைக்கொடி நட முடிஞ்சது. கல்லுல தண்ணி நிக்காது, பகல் சூட்டையும் பிடிச்சு வச்சுக்கும், அதனால லேட்டா பழுக்கிற கேபர்னே சாவிஞோன் திராட்சைக்கு அது சரியான இடம். வலது கரையில சாந்த்-எமிலியோன், பொமெரோல், அங்க களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும், ஈரமும் குளிர்ச்சியும் ஜாஸ்தி, அதனால மெர்லோ திராட்சை. கூடவே கேபர்னே ஃப்ரான்.

ஏன் கலக்கறாங்கன்னா ருசி மட்டும் காரணம் இல்ல, வானிலையும்தான். மெர்லோ சீக்கிரம் துளிர்க்கும், கேபர்னே சாவிஞோனுக்கு ஒண்ணு ரெண்டு வாரம் முன்னாடியே பழுத்துடும். வசந்த காலத்துல பனி விழுந்தா மெர்லோதான் முதல்ல அடி வாங்கும், செப்டம்பர் கடைசியில மழை பிடிச்சுக்கிட்டா கொடியிலயே இருக்கிற கேபர்னேக்குதான் கஷ்டம். ரெண்டையும் நட்டு வச்சா ஒண்ணு கைவிட்டாலும் இன்னொண்ணு காப்பாத்தும். 1956 பிப்ரவரியில வந்த கடுங்குளிர்ல வலது கரைப் பக்கம் கொடிங்களே ஏராளமா செத்துப் போச்சு, அந்தக் கதையை இன்னும் அந்த ஊர்ப் பெரியவங்க சொல்லுவாங்க.

நான் போர்தோல இருந்த வருஷங்கள்ல ஒரு தடவை மெதோக்ல ஒரு சின்ன ஷாத்தோல, அதாவது சொந்தத் தோட்டம் வச்சிருக்கற ஒயின் பண்ணையில, அசம்ப்ளாஜ் பண்றதைப் பக்கத்துல நின்னு பார்க்கக் கிடைச்சது. குளிர்காலம், நீளமான மேஜை மேல வெள்ளைப் பேப்பர் விரிச்சு, ஒவ்வொரு தோட்டத்துண்டுல இருந்தும் ஒரு சாம்பிள் பாட்டில், கெமிஸ்ட்ரி லேப்ல இருக்கற மாதிரி ஒரு அளவுக் குழாய். முதல்ல கேபர்னே சாவிஞோன் மட்டும் கொடுத்தாங்க. மணம் அருமை, ஆரம்பமும் முடிவும் கம்பீரம், ஆனா வாய்க்கு நடுவுல ஒண்ணுமே இல்லாம காலியா இருந்துச்சு, எலும்புக்கூடு மாதிரி. அப்புறம் மெர்லோ தனியா, அது மெத்துன்னு பிளம்ஸ் பழம் மாதிரி இருக்கு, ஆனா நிக்க மாட்டேங்குது, சரிஞ்சு போகுது. ரெண்டையும் சேர்த்ததும் அந்த நடுக்காலியிடம் நிரம்பிடுச்சு. கடைசியா பெத்தி வெர்தோன்னு ஒண்ணு, மசி மாதிரி கறுப்பு, தனியா குடிச்சா முகத்தைச் சுளிக்க வைக்கும், அதை நூத்துக்கு அஞ்சு பங்கு விட்டாங்க, அவ்ளோதான், மொத்த ஒயினும் நிமிர்ந்து உட்கார்ந்துச்சு. சாம்பாருக்குப் பெருங்காயம் மாதிரி, தனியா யாரும் திங்க மாட்டாங்க, இல்லாட்டி உடனே தெரியும். அன்னிக்குத்தான் எனக்கு இந்த ஒயின் விளங்குச்சு.

சரி, எதை வாங்கறது? 1855ல மூன்றாம் நெப்போலியன் பாரிஸ் கண்காட்சிக்காகப் போட வச்ச ஷாத்தோங்களோட தரப் பட்டியல் இன்னிக்கும் அமல்ல இருக்கு, அதோட உச்சியில லஃபீத், லதூர், மார்கோ, ஓ-பிரியோன், 1973ல மேல ஏத்தப்பட்ட மூதோன் ரோத்ஷீல்ட். இதுங்க விலையைக் கேட்டாலே தலை சுத்தும், ரசிக்கக் கத்துக்கறதுக்கு இதுங்க தேவையும் இல்ல. ஓ-மெதோக், மூலி, லிஸ்த்ராக்னு லேபிள்ல இருந்தா இடது கரை, ஃப்ரோன்சாக், லாலாந்த்-து-பொமெரோல், காஸ்தியோன்னு இருந்தா வலது கரை, இந்த ஊருங்கள்ல நியாயமான விலைக்கு நல்ல பாட்டில் கிடைக்கும். க்ரூ பூர்ஷுவான்னு தர முத்திரை போட்ட மெதோக் பாட்டிலை நான் கண்ணை மூடிட்டு எடுப்பேன். பெரிய ஷாத்தோங்க தங்களோட முதல் ஒயினுக்கு எடுக்காததை ரெண்டாவது பேர்ல விடுவாங்க, அதுவும் நல்ல வழி. வருஷம் பார்க்கறதா இருந்தா 2005, 2009, 2010, 2016 எல்லாம் பேர் வாங்கின வருஷம், 2013 சோப்ளாங்கி வருஷம். லேபிள்ல "கிரான் வேன் து போர்தோ"ன்னு பெருசா போட்டிருக்கறதைப் பார்த்து ஏமாறாதீங்க, அது தர முத்திரை இல்ல.

இப்ப முக்கியமான விஷயம், சூடு. ரெட் ஒயினை ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்னு சொல்றது பழைய கல்வீட்டு ரூம் கணக்கு, 16லிருந்து 18 டிகிரி. பாரிஸ்ல ஒரு ஜூலை மாசம் ஒரு ரெஸ்டாரன்ட்ல நல்ல சாந்த்-எமிலியோன் ஆர்டர் பண்ணினேன், கிச்சனை ஒட்டின அலமாரியில வச்சிருந்த பாட்டில் போல, கிளாஸைத் தொட்டாலே வெதுவெதுன்னு இருக்கு, மூக்குல ஆல்கஹால் மட்டும்தான் ஏறுது, பழ வாசனை எங்க போச்சுன்னே தெரியல. ஐஸ் பக்கெட் கேட்டு பத்து நிமிஷம் உள்ள வச்சோம், அதே ஒயின் வேற ஒயினா வெளிய வந்துச்சு. அதனால வீட்ல ஊத்தறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வைங்க, தயங்காதீங்க.

அடுத்து காத்து. கார்க்கை மட்டும் எடுத்து வச்சா பாட்டில் "மூச்சு விடும்"னு சொல்றதுல பெரிய பலன் இல்ல, கழுத்துல ஒரு நாணயம் அளவு பரப்புதானே காத்துல படுது. பத்து வருஷத்துக்குள்ள உள்ள ஒயினா இருந்தா டிகேண்டர்ல முழுசா ஊத்திடுங்க, டிகேண்டர் இல்லன்னா சுத்தமான கண்ணாடி ஜக் போதும், ரெண்டு மணி நேரம் விடுங்க. ஆனா ஊத்தும்போதே ஒரு விரல் அளவு கிளாஸ்ல எடுத்து ருசிச்சு வச்சுக்கோங்க, பின்னால ஒப்பிட அது வேணும். இருபது வருஷத்துக்கு மேல ஆன பாட்டில்னா கதையே வேற. முதல் நாளே நிமிர்த்தி வச்சு மண்டி அடியில படிய விடணும், கழுத்துக்குக் கீழ மெழுகுவர்த்தியோ போன் டார்ச்சோ வச்சுக்கிட்டு கை நடுங்காம மெதுவா ஒரே ஊத்தலா ஊத்தணும், மண்டி தோள்பட்டை வரைக்கும் வந்ததும் நிறுத்திடணும். அப்புறம் ரொம்ப நேரம் விடக்கூடாது, வயசான ஒயின் காத்துல சீக்கிரம் ஓய்ஞ்சிடும், உடனே குடிங்க.

கிளாஸ் அடி அகலமா வாய் குறுகலா இருக்கட்டும், மூணுல ஒரு பங்குக்கு மேல ஊத்தாதீங்க. வெள்ளைப் பேப்பர் மேல சாய்ச்சு ஓரத்தைப் பாருங்க, கத்திரிப்பூ நிறம் அடிச்சா இளசு, செங்கல் நிறம் தெரிஞ்சா வயசு ஆயிடுச்சு.

மூக்குதான் பாதி வேலை. சுழட்டாம ஒரு தடவை மோந்து பாருங்க, அப்புறம் சுழட்டி மோந்து பாருங்க. கேபர்னே சாவிஞோன்ல கருந்திராட்சை மாதிரி இருக்கிற காசிஸ் பழ வாசனை, பென்சில் சீவின தூள் வாசனை, தேவதாரு மரம். சில சமயம் பச்சைக் குடைமிளகாய் வாசனை வரும், அது பைரசீன்ங்கற சமாச்சாரம், குடைமிளகாய்லயும் அதேதான் இருக்கு, காய் சரியா பழுக்காத வருஷத்துல தூக்கலா இருக்கும். மெர்லோல பிளம்ஸ், செர்ரி. கேபர்னே ஃப்ரான்ல வயலட் பூ வாசனை. வெனிலா, வறுத்த காப்பிக்கொட்டை மாதிரி வந்தா அது திராட்சை இல்ல, 225 லிட்டர் ஓக் பீப்பாயோட குரல். வயசான போர்தோல தோல் செருப்பு, புகையிலை, மழை பெஞ்ச காட்டுத்தரை. நனைஞ்ச அட்டைப்பெட்டி, பூசணம் பிடிச்ச நியூஸ்பேப்பர் மாதிரி நாறுச்சுன்னா கார்க் கெட்டுப் போச்சுன்னு அர்த்தம், காத்துல வச்சா சரியாகாது, கடையில திருப்பிக் கொடுங்க, கூச்சப்படாதீங்க.

இப்ப வாய். சின்ன மடக்கு எடுத்து விழுங்காம வாய் முழுக்கப் பரப்புங்க, உதட்டைக் குவிச்சு கொஞ்சம் காத்தை உள்ள இழுங்க, சத்தம் வரும், வரட்டும். எச்சில்ல இருக்கிற புரோட்டீனை டானின் பிடிச்சுக்கறதாலதான் வாய் காயுது. வாய் காயற அந்த உணர்வு எப்படிப்பட்டதுன்னு கவனிங்க, சொரசொரன்னு உப்புக்காகிதம் மாதிரியா, வெல்வெட் மாதிரியா? நல்ல ஒயின்ல துவர்ப்பு நிறைய இருந்தாலும் பொடிப்பொடியா மெல்லிசா இருக்கும். நாக்கோட ரெண்டு பக்கமும் எச்சில் ஊறினா அது புளிப்பு, அதுதான் ஒயினை உயிரோட வச்சிருக்கு. ஆரம்பம், நடு, முடிவு மூணையும் தனித்தனியா கேளுங்க: நடுவுல சதைப்பிடிப்பா இருந்தா மெர்லோ வேலை, முடிவுல நேரா நீளமா போனா கேபர்னே. விழுங்கின பிறகு மனசுக்குள்ள எண்ணுங்க, பத்துக்கு மேல ருசி நின்னா நல்ல சரக்கு, இருபதைத் தாண்டினா அமைதியா உட்கார்ந்துடுங்க.

இதைத் திறந்த உடனே ஒரு தடவை, ஒரு மணி நேரம் கழிச்சு ஒரு தடவை, ரெண்டரை மணி நேரம் கழிச்சு ஒரு தடவை பண்ணிப் பார்த்து ஒவ்வொரு தடவையும் ரெண்டு வரி எழுதி வைங்க. மூடின கதவு மாதிரி இருந்தது மெல்ல மெல்லத் திறக்கறதை உங்க கையெழுத்துலயே பார்ப்பீங்க.

சாப்பாடு இல்லாம இந்த ஒயினைக் குடிக்கறதை நான் ஒத்துக்க மாட்டேன். ஆட்டுக்கறி, மாட்டுக்கறில இருக்கிற புரோட்டீனும் கொழுப்பும் டானினோட வேகத்தை அடக்கிடும். போயாக் ஊரோட பால்குட்டி ஆட்டுக்கறி பேர் போனது, காய்ஞ்ச திராட்சைக்கொடி எரிச்சு அந்தத் தணல்ல சுட்டு சின்ன வெங்காயம் மாதிரியான ஷாலட் தூவின மாட்டு ஸ்டேக் அந்த ஊர் வீடுகள்ல சாதாரணமா நடக்கிறது. காரம் மட்டும் வேண்டாங்க, மிளகாய் சூடும் ஆல்கஹால் சூடும் சேர்ந்தா துவர்ப்பு கசப்பா மாறிடும். சீஸ்னா நல்லா முத்தின மிமோலெத், ஆரஞ்சு நிறத்துல கெட்டியா இருக்கும், போர்தோக்காரங்களோட பழைய வழக்கம். இனிப்பு வேணும்னா கனலேன்னு ஒரு குட்டி கேக் இருக்கு, ஒயினைத் தெளிய வைக்க பீப்பாய்க்கு அஞ்சாறு முட்டையோட வெள்ளைக்கருவை விடுவாங்க, மிஞ்சின மஞ்சக்கருல பொறந்ததுதான் கனலேன்னு அங்க சொல்லுவாங்க. ஆனா அதை ரெட் கூட சாப்பிடாதீங்க, காப்பி கூட சாப்பிடுங்க.

இதெல்லாம் பழகின பிறகு ஒரு நாள் ரெண்டு நண்பர்களைக் கூப்பிட்டு, ஒரே வருஷத்து ஓ-மெதோக் ஒண்ணு, ஃப்ரோன்சாக் ஒண்ணு வாங்கி, ரெண்டையும் பேப்பர்ல சுத்தி ஒளிச்சு வச்சு ஊத்துங்க. எது எந்தக் கரைன்னு ஆளாளுக்கு எழுதச் சொல்லுங்க. மூக்குல பென்சில் தூள், ஈறு முன்னாடி இழுக்கற துவர்ப்பு, அது இடது. வாய் நடுவுல உருண்டையா பிளம்ஸ், அது வலது. தப்பா சொல்றவங்களுக்கு இன்னொரு ரவுண்டு ஊத்துங்க. மிச்சம் இருந்தா சின்ன பாட்டில்ல வாய் வரைக்கும் நிரப்பி காத்துக்கு இடமில்லாம மூடி ஃப்ரிட்ஜ்ல வைங்க, மறுநாள் ராத்திரி அரை மணி நேரம் முன்னாடி வெளிய எடுத்து வச்சு குடிச்சுப் பாருங்க, மெதோக்கா இருந்தா முதல் நாளை விட அன்னிக்குத்தான் நல்லா இருக்கும்.