எம்கேட் குறைபாடு: குழந்தை சாப்பிட மறுக்கும் நாளில் என்ன செய்வது?

எம்கேட் (MCAD) குறைபாடு என்ற பிறவி நொதிக் கோளாறு உள்ள குழந்தை நல்ல நாட்களில் எல்லாப் பிள்ளைகளையும் போல ஓடியாடும். சிக்கல் வருவது காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு என்று சாப்பாடு இறங்காத நாளில். வயிறு காய்ந்ததும் உடம்பு சேமித்த கொழுப்பை எரிக்கப் போகும். நடுத்தர நீளக் கொழுப்பு அமிலங்களை வெட்டும் நொதி இந்தக் குழந்தைகளிடம் சரியாக இயங்காததால் அந்த வேலை பாதியில் நின்றுவிடும். கொழுப்பு எரியும்போது மூளைக்கு எரிபொருளாகக் கிடைக்கும் கீட்டோன் போதிய அளவு உருவாகாது, இருக்கும் சர்க்கரையும் வேகமாகத் தீரும், தேங்கிய அமிலங்கள் கல்லீரலையும் மூளையையும் தாக்கும்.

உடம்பு நன்றாக இருக்கும்போது சாப்பாட்டு இடைவெளிக்குப் பொதுவான உச்சவரம்பு: 6 முதல் 12 மாதம் வரை 8 மணி நேரம், 1–2 வயதில் 10, அதற்குப் பிறகு 12. பச்சிளங்குழந்தைக்கு இதைவிட மிகக் குறைவு. காய்ச்சல் வந்துவிட்டால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

அன்று கொடுக்க வேண்டியது மால்டோடெக்ஸ்ட்ரின் (எளிதில் செரிக்கும் மாவுச்சத்து) மாவு கரைத்த தண்ணீர். ஒரு வயதுக்குள் 100 மில்லிக்கு 10 கிராம், 1–2 வயதில் 15, 2 முதல் 9 வயது வரை 20, அதற்கு மேல் 25 கிராம். மூன்று வயதுப் பிள்ளைக்கு 200 மில்லி வேண்டுமென்றால் 40 கிராம் மாவை அளவுக் குவளையில் போட்டு, ஆறவைத்த தண்ணீரை 200 கோடு வரை ஊற்றுங்கள். மாவின் மேல் 200 மில்லி தண்ணீரை அப்படியே ஊற்றினால் கரைசல் நீர்த்துவிடும். கரண்டிக் கணக்கும் வேண்டாம். கரண்டிக்குக் கரண்டி அளவு மாறும், சமையலறைத் தராசில் நிறுங்கள். 2–3 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவில் எழுப்பியும் கொடுக்க வேண்டும். ஒரு வேளைக்கு எத்தனை மில்லி என்பது எடையைப் பொறுத்தது. அதை உங்கள் டயட்டீஷியனிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக் கதவருகே ஒட்டி வையுங்கள்.

நம் வீடுகளில் கை முதலில் போவது ஓ.ஆர்.எஸ். பக்கம்தான். 200 மில்லி ஓ.ஆர்.எஸ்ஸில் இருக்கும் குளுக்கோஸ் 3 கிராம்கூட இல்லை. நீர்ச்சத்துக்கு அது நல்லதுதான், இந்தக் குழந்தைக்கு வேண்டிய சக்திக்குப் போதாது. இளநீரும் வடித்த கஞ்சித் தண்ணீரும் அப்படியே.

ஒருமுறை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டுச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பாருங்கள். மறுபடியும் எடுத்தால், குடிக்க மறுத்தால், அல்லது வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தால் உடனே கிளம்பிவிடுங்கள். குளுக்கோமீட்டர் 90 காட்டுகிறதே என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். மீட்டரில் சர்க்கரை தாமதமாகத்தான் விழும், அதற்கு முன்பே மூளை பாதிக்கப்பட்டிருக்கலாம்.

மருத்துவமனைக்கு அவசரக் கடிதம் கையில் இருக்கட்டும். கிலோவுக்கு 2 மில்லி வீதம் 10% குளுக்கோஸ் நரம்பில், தொடர்ந்து உப்பு சேர்த்த 10% குளுக்கோஸ் டிரிப் என்பது அதில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். சிறுநீரில் கீட்டோன் இல்லை என்பதை வைத்துப் பயமில்லை என்று யாராவது சொன்னால், இந்த நோயில் போதிய கீட்டோன் உருவாகாது என்ற வரியைக் கடிதத்தில் காட்டுங்கள்.

தேங்காய் எண்ணெய் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். எம்.சி.டி. (நடுத்தர நீளக் கொழுப்பு) எண்ணெய் இந்தக் குழந்தைக்கு அறவே கூடாது. அது சரியாக இந்த நொதி வெட்ட வேண்டிய கொழுப்பு. குறைமாதக் குழந்தைகளுக்கான சில பால்மாவுகளிலும் அது சேர்ந்திருக்கும், லேபிளைப் படியுங்கள். தேங்காய் எண்ணெயிலும் அந்தக் கொழுப்பு ஓரளவு உண்டு. தாளிப்புக்கும் சட்னிக்கும் டயட்டீஷியனைக் கேட்டுக்கொள்ளலாம். ஸ்பூனில் எடுத்துக் குடிக்கக் கொடுக்கும் பழக்கத்தை மட்டும் நிறுத்திவிடுங்கள். நீண்ட கொழுப்பு அமிலங்களை வெட்ட முடியாத வேறு குறைபாடுகளில் இதே எம்.சி.டி. மருந்தாகவே கொடுக்கப்படுகிறது. ஆகவே வேறொரு பெற்றோரின் உணவுப் பட்டியலைப் பார்த்து நகலெடுக்காதீர்கள்.

விரதம், நோன்பு, பின்னாளில் மது மூன்றும் ஆபத்து. அறுவைசிகிச்சைக்கு வெறும் வயிறு என்றால் குளுக்கோஸ் டிரிப் கட்டாயம். பிவாக்சில் என்று பெயர் முடியும் ஆன்டிபயாடிக்குகள், கொழுப்பை எரிக்க உதவும் கார்னிட்டின் என்ற பொருளை உடம்பில் குறைக்கும், வேறு கேளுங்கள்.

பெற்றோர் இருவரும் இந்த நோயின் மரபணுவைச் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர 25% வாய்ப்பு உண்டு. நோயின் சுவடே இல்லாத மூத்த பிள்ளைகளுக்கும் அசைல்கார்னிட்டின் பரிசோதனை (இந்த நோயைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) செய்துவிடுங்கள். அடுத்த குழந்தை பிறந்தால் ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்காமல், முதல் நாளிலிருந்தே 3 மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுங்கள். தாய்ப்பால் ஊறத் தாமதமானால் டாக்டரிடம் சொல்லிப் பால்மாவு சேருங்கள்.