ஸ்டீம் வாஷிங் மெஷினும் போர் தண்ணீரும்

வீட்டில் போர் தண்ணீர்தான் என்றால், ஸ்டீம் வசதியுள்ள வாஷிங் மெஷினில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை துணி போடாமல், டிரம்முக்குள் 100 கிராம் எலுமிச்சை உப்பைக் கொட்டி 60 டிகிரியில் ஒரு சுற்று ஓட்டிவிடுங்கள். கடையில் சிட்ரிக் ஆசிட் என்று கேட்டாலும் இதுதான் கிடைக்கும். தனியாக விற்கும் டீஸ்கேலிங் (சுண்ணாம்புப் படிவு நீக்கும்) பொடிகள் பலவற்றிலும் இதுதான் இருக்கிறது, விலைதான் வேறு.

திருப்பூர், பல்லடம், ஈரோடு பக்கத்துப் போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். வெந்நீர் போடும் அண்டாவின் அடியில் வெள்ளையாக ஏடு கட்டுமே, அதேதான் மெஷினின் ஹீட்டர் கம்பியிலும் ஒட்டிக்கொள்கிறது. படிவு தடிக்கத் தடிக்க சூடு தண்ணீருக்குப் போவது குறையும். ஆவி வர நேரமாகும், கரண்ட் இழுக்கும், கடைசியில் ஹீட்டரே போய்விடும். எலுமிச்சை உப்பின் புளிப்பு பட்டால் அந்தச் சுண்ணாம்பு கரைந்து தண்ணீரோடு போய்விடும்.

சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீடுகளுக்கு இது அவ்வளவாகத் தேவைப்படாது. ஹீட்டரே இல்லாத சாதா டாப் லோடுக்கும் இந்தக் கவலை இல்லை. மெஷினோடு வந்த புத்தகத்தில் ஆசிட் கூடாது என்று போட்டிருந்தால் விட்டுவிடுங்கள். அப்புறம், எக்காரணம் கொண்டும் ப்ளீச்சிங் பவுடரை இதோடு சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.