விளக்கு எரிந்தால் போதுமா? வீட்டு வயரிங்கைச் சரிபார்த்து வாங்கும் முறை

குழாய் வேலையில் குறை இருந்தால் சுவர் நனைந்து காட்டிக்கொடுத்துவிடும். தச்சு வேலையில் குறை இருந்தால் கதவைச் சாத்தும்போதே தெரிந்துவிடும். மின்வேலையின் குறை அப்படி வெளிப்படுவதில்லை. எர்த் கம்பி இணைக்கப்படாத பிளக் பாயிண்டிலும் வாஷிங் மெஷின் ஓடும். பைப்புக்குள் முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட் வழியாகவும் விளக்கு எரியும். சுவிட்சை பேஸ் கம்பியில் வைக்காமல் நியூட்ரலில் வைத்திருந்தால்கூட, போட்டால் எரியும், நிறுத்தினால் அணையும், ஆனால் அணைந்த விளக்கின் ஹோல்டரில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். ஆகவே எல்லாச் சுவிட்சுகளையும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுப்பவர் உண்மையில் எதையும் சரிபார்க்கவில்லை. சோதிக்க வந்தவரும் அதையே செய்து கையெழுத்திட்டால், அந்தச் சான்றிதழுக்கும் அவ்வளவுதான் மதிப்பு.

மோசமான வயரிங்கால் வரும் ஆபத்துகளில் முதலாவது வெப்பம். ஓர் இணைப்பில் உண்டாகும் வெப்பம், அதில் பாயும் மின்னோட்டத்தின் வர்க்கத்தை அந்த இடத்தின் தடையால் பெருக்கினால் கிடைக்கும் அளவு. சரியாக முறுக்கப்படாத ஒரு ஸ்க்ரூவின் கீழ் 0.1 ஓம் தடை மட்டுமே இருப்பதாகக் கொண்டாலும், கீசருக்காக 15 ஆம்பியர் பாயும்போது அந்த ஒரு புள்ளியில் 22.5 வாட் வெப்பம் பிறக்கிறது. சிறிய சால்டரிங் அயர்ன் ஒன்றை மூடிய சுவிட்ச் பெட்டிக்குள் எரியவிட்டதற்கு அது சமம். சூட்டில் விரிந்தும் ஆறியதும் சுருங்கியும் அந்த இணைப்பு மேலும் தளர்கிறது, செம்பின் மேற்பரப்பு கறுக்கிறது, தடை ஏறுகிறது, சூடும் ஏறுகிறது. இவ்வளவும் நடக்கும்போது எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழாது, ஏனெனில் மின்னோட்டம் அதன் வரம்பைத் தாண்டவே இல்லை. எம்சிபி கம்பியைக் காப்பதற்கான கருவி. அதுவும் கம்பிக்கு ஏற்ற அளவில் இருந்தால்தான். 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பிக்குப் பொதுவாக 16 அல்லது 20 ஆம்பியர் எம்சிபி போடுவார்கள். அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றி 32 ஆம்பியர் போடுபவர், கம்பியையே ப்யூஸாக மாற்றிவிட்டுப் போகிறார்.

இரண்டாவது ஆபத்து, மின்கசிவு. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் வேறுபட்டால் விழுந்து மனித உடலைக் காக்கும் ஆர்சிசிபியின் வரம்பு 30 மில்லி ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபியின் வரம்பு அதைப்போல ஐந்நூறு மடங்குக்கும் மேல் என்பதால், ஒருவரைக் கொல்லப் போதுமான மின்னோட்டம் அதன் கண்ணில்கூடப் படாது. நான் குடிபோன ஒரு வீட்டில் சான்றிதழில் ‘எர்த் சரி’ என்று எழுதியிருந்தது. குளியலறைக் கீசருக்கான பிளக் பாயிண்டை எலெக்ட்ரீஷியன் ஒருவர் வேறு காரணத்துக்காகக் கழற்றியபோது, பச்சை நிற எர்த் கம்பி பெட்டிக்குள் அழகாகச் சுருட்டி, முனைகூடச் சீவப்படாமல் பின்பக்கம் செருகப்பட்டிருந்தது. அந்தப் பிளக்கை யாரும் கழற்றிப் பார்க்காமலே சான்றிதழ் எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவைப்படவில்லை.

எனவே சரிபார்ப்பைப் பூச்சு வேலைக்கு முன்பே தொடங்குங்கள். சுவரில் பைப் பதித்த நிலையில் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவுடன் சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். பின்னாளில் ஆணி அடிக்கும்போதும் அது உதவும். பைப்புகள் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு செங்குத்தாகவோ கிடையாகவோ செல்ல வேண்டுமேயன்றிச் சாய்வாக ஓடக் கூடாது. கம்பி இழுக்கும் நாளில் கட்டாயம் உடனிருந்து, சுருளின் மேல் அச்சிட்ட அளவைப் படித்துப் பாருங்கள்: விளக்குகளுக்கு 1.5, பிளக்குகளுக்கு 2.5, கீசர், ஏசி போன்றவற்றுக்கு 4 சதுர மில்லிமீட்டர் என்பது பரவலான வழக்கம். பைப்புக்குள் ஜாயிண்ட் இருக்கவே கூடாது. இணைப்பு என்று ஒன்று தேவைப்பட்டால், அது பின்னர் திறந்து பார்க்கக்கூடிய பெட்டிக்குள், கனெக்டரோடு இருக்க வேண்டும். கம்பி குறைந்துவிட்டது, சிறு துண்டுதான் என்று சொல்லி ஒட்டுப்போடுவது இந்தக் கட்டத்தில்தான் நடக்கும்; பூச்சு ஏறிய பிறகு அதைக் கண்டுபிடிக்க ஆளில்லை.

வேலை முடிந்த பின் செய்ய வேண்டிய சோதனையில், ‘சரி’ என்ற சொல்லைக் கேட்காதீர்கள், எண்ணைக் கேளுங்கள். என்னைப் பொறுத்தவரை, பெயருக்குச் செய்யும் சோதனையை உண்மையான சோதனையிலிருந்து பிரித்துக்காட்டுவது இந்த ஒன்றுதான். முதலில், மெயினை நிறுத்திவிட்டு, எம்சிபிகள் இருக்கும் பெட்டியான டிபியின் எர்த் பட்டையிலிருந்து ஒவ்வொரு பிளக்கின் எர்த் துளை வரையிலான தடையை அளக்கச் சொல்லுங்கள். 20 மீட்டர் நீளமுள்ள 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியின் தடை சுமார் 0.15 ஓம்தான், ஆகவே 3 ஓம், 4 ஓம் என்று காட்டினால் எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது. அடுத்து, மின்சாதனங்கள் அனைத்தையும் பிடுங்கிவிட்டு, மெக்கர் கருவியால் 500 வோல்ட் டிசி மின்னழுத்தத்தில் கம்பிகளுக்கு இடையிலும், கம்பிகளுக்கும் எர்த்துக்கும் இடையிலும் இன்சுலேஷன் தடையைப் பார்க்க வேண்டும். குறைந்தபட்ச வரம்பு 1 மெகா ஓம். புது வயரிங் அதைவிடப் பல மடங்கு காட்டும், வரம்பை ஒட்டிக் காட்டினால் ஈரமோ உரசலோ இருக்கிறது என்று பொருள். பிறகு மின்சாரம் கொடுத்து, சுவிட்சுகள் பேஸில்தான் உள்ளனவா என்று பார்த்து, ஆர்சிசிபியை அதற்கான கருவியால் சோதிக்க வேண்டும்: 30 மில்லி ஆம்பியரில் அது 300 மில்லி விநாடிக்குள் விழ வேண்டும்.

இங்கே பலரும் ஏமாறும் மூன்று இடங்கள் உண்டு. டெஸ்டர் ஸ்க்ரூடிரைவர் பேஸ் இருப்பதைக் காட்டுமே தவிர, எர்த் இருக்கிறதா என்று சொல்லாது. ஆர்சிசிபியில் உள்ள டெஸ்ட் பொத்தான் அந்தக் கருவிக்குள்ளேயே ஒரு செயற்கைக் கசிவை உண்டாக்கிச் சோதிப்பதால், வீட்டில் எர்த்தே இல்லாவிட்டாலும் அழுத்தியதும் விழும். மூன்று விளக்குள்ள சாக்கெட் டெஸ்டரோ, பிளக்கின் எர்த்தும் நியூட்ரலும் உள்ளேயே சேர்த்து இணைக்கப்பட்டிருந்தால் ‘எல்லாம் சரி’ என்றே காட்டும். இந்தக் கடைசி ஏற்பாடு எர்த் இல்லாததைவிடக் கொடியது. சாதனத்திலிருந்து கசியும் மின்சாரம் நியூட்ரல் வழியாகவே திரும்புவதால் ஆர்சிசிபிக்கு வேறுபாடு தெரியாது. நியூட்ரல் எங்காவது அறுந்தால் சாதனத்தின் உலோக உடல் முழுவதும் பேஸாகிவிடும். பிளக் பாயிண்டைக் கழற்றிப் பார்ப்பதே இதைக் கண்டறிய உறுதியான வழி. ஆகவே சோதிப்பவர் தாமே தேர்ந்தெடுக்கும் சில பிளக்குகளையும் நீங்கள் கைகாட்டும் சில பிளக்குகளையும் மெயினை நிறுத்திவிட்டுக் கழற்றிக் காட்ட வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

புது வீட்டில் ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தால், பெரும்பாலும் ஒரு சுற்றின் (சர்க்யூட்டின்) நியூட்ரலை இன்னொரு சுற்றின் நியூட்ரலோடு கலந்துவிட்டிருப்பார்கள், அல்லது எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். தேடிப் பிடிக்க அரைநாள் ஆகும் என்பதால், கம்பியை ஆர்சிசிபிக்கு வெளியே நேரடியாக இணைத்துவிட்டு ‘ஆர்சிசிபியிலேயே கோளாறு, இனி விழாது’ என்று சொல்லிவிடுவது உண்டு. உண்மையாகவே இனி விழாது, யார் தொட்டாலும் விழாது. பழுது பார்த்தபின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் வீட்டில் எந்தெந்த விளக்கு அணைகிறது, எது எரிந்துகொண்டே இருக்கிறது என்று அறை அறையாகப் பார்த்தால், இந்தக் குறுக்கு வழியை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

மூன்று பேஸ் இணைப்புள்ள வீடாக இருந்தால் மெயின் நியூட்ரல் ஸ்க்ரூவைத் தனியே கவனிக்கச் சொல்லுங்கள். அது விட்டுப்போனால் 230 வோல்ட்டுக்கான சாதனங்களில் சில, சுமை ஏற்றத்தாழ்வைப் பொறுத்து 400 வோல்ட் வரை வாங்கிப் புகையும்.

வேலை செய்தவரே சோதித்துச் சான்றும் தருவதை ஏற்காதீர்கள். சோதிப்பவருக்கான கூலியை நீங்களே நேரடியாகக் கொடுங்கள். ஒப்பந்ததாரர் அழைத்து வருபவர் ஒப்பந்ததாரருக்கே கடமைப்பட்டவர். மீதித் தொகையில் ஒரு பகுதியை, அளவுகள் எழுதிய தாள் கைக்கு வந்த பின்னரே தருவதாக முதல் நாளே எழுத்தில் வாங்கிக்கொள்வதில் தயக்கம் வேண்டாம்.

குடியேறிய பின் உங்கள் பங்கு, பார்ப்பதும் முகர்வதும் தொட்டுணர்வதும் மட்டுமே. பிளக் தகடு சூடாக இருப்பது, அதன் ஓரம் பழுப்பு நிறமாவது, அழுகிய மீன் போன்ற நாற்றம் வருவது, ஏசி ஓடத் தொடங்கும்போது விளக்கு சிமிட்டுவது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அந்தச் சுற்றின் எம்சிபியை நிறுத்திவிட்டு ஆளை அழையுங்கள். நீங்களே திறக்க வேண்டாம். பைப் படங்களின் ஒரு பிரதியையும் அளவுத் தாளையும் டிபி கதவின் உட்புறம் ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்துவிட்டால், அடுத்து வரும் எலெக்ட்ரீஷியன் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட்டே வேலையைத் தொடங்குவார்.